கதவை மூட மாட்டேன்

பிப்ரவரி 4, செவ்வாய்

தலைவலி வரும் நாட்களை ஒரு நோட்டில் குறித்து வைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். எந்த நேரம் வந்தது, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன், எல்லாம் எழுத வேண்டுமாம். டெரன்ஸ் அன்றே கடைக்குப் போய் டயரியே வாங்கி வந்துவிட்டார். என் கணவருக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக பிரேக் சோதிக்கிறவர்.

பெயர் பிலோமினா. வயது 39. விமானப் பணிப்பெண்ணாகப் பதினாறு வருடம். இப்போது 'லீட்', அதாவது விமானத்துக்குள் வேலை செய்யும் நான்கு பேரில் நான் பொறுப்பாள். டாக்டர் இதையெல்லாம் கேட்கவில்லை. புது நோட்டு, எழுதுகிறேன்.

இன்று கொச்சி போய் வந்தேன். மாலை ஐந்து மணிக்குத் தலைவலி. கண்ணாடி பவர் மாறியிருக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

தலைவலி உண்டு. ஹைதராபாத் இரண்டு தடவை. விமானம் எல்.கே. ஒவ்வொரு விமானத்தின் வால் பக்கத்திலும் எழுத்துகள் இருக்கும். கடைசி இரண்டைச் சொல்லித்தான் நாங்கள் கூப்பிடுவோம்.

பிப்ரவரி 8, சனி

விடுப்பு. தலைவலி இல்லை. வஞ்சிரம் வறுத்தேன். சீருடை மூன்று செட் இஸ்திரி போட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தலைவலி. எல்.கே.

டெரன்ஸ் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "எல்.கே.ன்னு எழுதின நாள்ல எல்லாம் தலைவலின்னும் எழுதியிருக்கியே பிலோ, கவனிச்சியா?" என்றார். இரண்டு நாளை வைத்து என்ன சொல்ல முடியும் என்றேன். மீதி வஞ்சிரத்தைக் குழம்பு வைத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

நேற்று எழுதவில்லை. இப்போது காலை பத்து மணி.

நேற்று டெல்லியிலிருந்து சென்னைக்கு மதிய விமானம். எல்.கே. 174 பயணிகள். சென்னைக்கு இறங்க ஆரம்பித்ததும் அந்த வாடை வந்தது. நனைந்த சாக்ஸைப் பையில் கட்டிவைத்து, நாலு நாள் கழித்துப் பிரித்தால் வருமே, அது. கூடவே கருகிய எண்ணெய் போல ஏதோ தொண்டையில் ஒட்டியது. பயணிகள் இருமத் தொடங்கினார்கள்.

விமானத்தின் பின்கோடியில் நாச்சம்மை நின்றிருந்தாள். காரைக்குடிப் பெண், இருபத்து நாலு வயது. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான். இன்டர்காமில் கூப்பிட்டாள்.

"மேம், அதே வாடை மேம். கால் தரையில இருக்கிற மாதிரியே தெரியல."

நான் போய்ச் சேர்வதற்குள் ட்ராலிக்கும் கதவுக்கும் நடுவில் சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கையடக்க ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்து முகத்தில் மாட்டிவிட்டு விமானி அறையைக் கூப்பிட்டேன். கேப்டன் இளங்கோவன் பேசினார். "இங்கேயும் வருது. நாங்க மாஸ்க் போட்டுக்கிட்டோம். ஏழு நிமிஷத்துல இறங்கிடலாம்."

பயணிகளுக்கு அறிவிப்புச் செய்ய மைக்கை எடுத்தேன். பதினாறு வருடமாகச் சொல்லும் வாக்கியம். "தங்கள் இருக்கை" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் சொல் இல்லை. பெல்ட் என்ற சொல் எனக்குள் எங்கேயும் இல்லை. இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் அதை போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் நாச்சம்மையை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

எனக்கு ஒன்றுமில்லை. எழுத்து கோணலாக வருகிறது. பேனா சரியில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. ஓவனில் உணவு கருகியதால் லேசான வாடை ஏற்பட்டதாம். விமானத்தில் எந்தக் குறையும் இல்லையாம். பயணிகளின் நம்பிக்கையே எங்கள் மூலதனமாம்.

இறங்கும்போது ஓவனை அணைத்துவிடுவோம். நேற்று முன்தினம் அணைத்தது நான். என் கையால்.

நான் இடுப்பைத் தொட்டுக் காட்டும் படம் ஊரெல்லாம் சுற்றுகிறது. 'சோறு சூடாக்கத் தெரியாதவர்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்' என்று ஒருவர். 'இனிமே நான் ரயில்தான்' என்று இன்னொருவர். ரயில் என்றதும் டெரன்ஸ் கொஞ்சம் சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறேன். எனக்குப் புதுப் பேனா வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

மிருதுளா மேடம் ஆபீசுக்கு வரச் சொன்னார். பணிப்பெண்கள் பிரிவுக்கே தலைவர். ஒரு காலத்தில் அவரும் எங்களைப் போலப் பறந்தவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் எனக்குப் புடவை மடிப்பு வைக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்.

"உக்காருங்க பிலோமினா. காபி?"

வேண்டாம் என்றேன். ஒரு தாளை நகர்த்தினார். என் பெயர், ஊழியர் எண், தேதி எல்லாம் அச்சடித்துத் தயாராக இருந்தது. இறங்கும் நேரத்தில் பின்பக்க ஓவனில் ஒரு உணவுப் பொட்டலம் கவனக்குறைவால் விடப்பட்டிருந்தது என்று ஒரு வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

"பின்பக்கம்னா அங்க நின்னது நாச்சம்மை மேடம்."

"யார் பேரும் போடல. பொதுவாத்தான் எழுதியிருக்கு."

"ஓவன் அணைச்சிருந்துச்சு."

"இங்க பாருங்க. எஞ்சினியர்கள் ரெண்டு தடவை பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்ல. ஜனங்க பயந்துட்டா சீட்டு காலியாப் போகும். அப்புறம் உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. ஒரு சின்ன வாடைக்கு இவ்வளவா?" பேனாவை என் பக்கம் வைத்தார். "டிசம்பர்ல புரிஞ்சுக்கிட்டீங்கதானே?"

யோசிக்க நேரம் கேட்டேன். திங்கள் வரை தந்திருக்கிறார்.

டிசம்பரைப் பற்றி இப்போது எழுத இஷ்டமில்லை. இன்று தலைவலி இல்லை. பால் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

நாச்சம்மையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். உட்கார்ந்திருந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் தண்ணீர் போர்வையில் சிந்தியது. நடந்தால் இடது பக்கம் சாய்கிறதாம். சிரித்தாள், என்னைச் சமாதானப்படுத்துவதற்காக.

அவள் அம்மா வள்ளியம்மை காரைக்குடியிலிருந்து வந்திருந்தார். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"சாப்பாட்டக் கருக விட்டது எங்க பிள்ளைதான்னு ஊருல பேசிக்கிறாக. பின்னால நின்னவ அவதானே. அப்படியா அம்மா?"

"இல்லம்மா. யாரும் எதையும் கருக விடல."

"அப்ப நீங்க சொல்லலாமுல்ல? நீங்கதானே அங்க பெரியவுக."

பழம் வாங்கிப் போயிருந்தேன். அதைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நாச்சம்மை ஒன்று கேட்டாள், நான் கிளம்பும்போது. அதை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாச்சம்மை கேட்டது இது: "மேம், டிசம்பர்ல வந்ததும் இதே வாடைதானே? அப்ப நீங்க கழிவறை வாடைன்னு சொன்னீங்க. எனக்கு அப்பவே சந்தேகம். ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

டிசம்பர் 19, எல்.கே., பெங்களூர் விமானம். அன்றும் நாச்சம்மை என்னோடு இருந்தாள், வாந்தி எடுத்தாள். இறங்கியதும் நான் எழுதிய அறிக்கையில் எண்ணெய்ப் புகை வாடை என்றுதான் எழுதினேன். மறுநாள் மிருதுளா மேடம் போன் செய்தார். அந்த வார்த்தையைப் போட்டால் விமானத்தை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், கிறிஸ்துமஸ் கூட்டம், கழிவறை வாடை என்று மாற்றிக் கொடுங்கள் என்றார். அந்த மாதம் என் பயிற்றுநர் பதவி உயர்வு அவர் மேஜையில் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசத் தேவையிருக்கவில்லை.

மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். ஜனவரியில் பயிற்றுநர் பதவி வந்தது.

டெரன்ஸிடம் இன்று மதியம்தான் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க ஒர்க்ஷாப்புல பிரேக் மேல சந்தேகம்னா பெட்டிக்குச் சிவப்பு அட்டை மாட்டிடுவோம். சந்தேகம் போதும். நிரூபிக்க வேண்டியது அட்டையை எடுக்கிறவன் வேலை, மாட்டுறவன் வேலை இல்ல" என்றார்.

"நான் அன்னைக்கு மாட்டியிருந்த அட்டையை நானே எடுத்துட்டேன்" என்றேன்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

பிப்ரவரி 17, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை.

தாளைத் திருப்பி நகர்த்தினேன். "இது பொய் மேடம்" என்றேன். மிருதுளா மேடம் தாளை மடித்து ஃபைலில் வைத்தார். "டிசம்பர் தாள் என்கிட்ட இருக்கு பிலோமினா. அதை வெளிய எடுத்தா நீங்கதான் பொய் சொன்னவங்க" என்றார். "எடுங்க" என்றேன்.

திரும்பும் வழியில் தபால் நிலையத்தில் இறங்கி, நடந்ததை எல்லாம் எழுதி அரசின் விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். டிசம்பர் 19 உட்பட.

பிப்ரவரி 24, திங்கள்

ஒரு வாரமாக எனக்கு வேலை போடவில்லை. இன்று அட்டவணை வந்தது. வியாழன், மும்பை, எல்.கே. மூன்றாவது முறையும் சோதித்துக் 'குறை இல்லை' என்று எழுதிவிட்டார்களாம். வேண்டுமென்றே என்னை அதில் போட்டிருக்கிறார்கள். நான் அதில் பறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகும். போகாவிட்டால் பயந்தாங்கொள்ளி.

"லீவு போடு" என்றார் டெரன்ஸ். எனக்குப் பதில் வேறொருத்தி போவாள் என்றேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஒன்றையும் விடாமல் எழுதப் பார்க்கிறேன். இப்போது பிற்பகல் மூன்று.

காலை 9.40 விமானம். ஒன்பது இருபதுக்கு 168 பேர் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசிப் பைகளை மேலே திணித்துக்கொண்டிருந்தோம். குளிர்காற்று வேகம் கூடியது. கூடவே வாடை. முதலில் எனக்கு மட்டும்தான் வருகிறதோ என்று நினைத்தேன். பின்னால் நின்ற பணிப்பெண்ணிடமிருந்து இன்டர்காம் அடித்தது. "மேம், வருது."

விமானி அறைக்குப் போனேன். இன்றும் கேப்டன் இளங்கோவன்தான்.

"எண்ணெய் வாடை கேப்டன். அதே வாடை."

அவர் தாளைக் காட்டினார். "எஞ்சினியர் க்ளியர்னு கையெழுத்துப் போட்டிருக்கார் பிலோமினா. இதுக்கு மேல எனக்கு என்ன வழி இருக்கு?"

"எனக்கு இருக்கு. நான் கதவை மூட மாட்டேன்."

அவர் அந்தத் தாளை மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

வாசலில் போய் நின்றேன். கதவு மூடாமல் விமானம் நகராது. நிலைய மேலாளர் ஓடிவந்தார். வாக்கிடாக்கி ஒரு கையில், போன் இன்னொரு கையில். போனில் மிருதுளா மேடம்.

"பிலோமினா, இறங்கிடுங்க. ஸ்டேண்ட்பைல இருக்கிற லீட் வர்றாங்க. விமானம் போகும்."

"இறங்குறேன் மேடம். பயணிகள்கிட்ட சொல்லிட்டு இறங்குறேன்."

"எதையும் சொல்லாதீங்க! இது—"

போனை மேலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மைக்கை எடுத்தேன். பேச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. நிற்கவில்லை.

"என் பேர் பிலோமினா. இந்த விமானத்துல உங்க பாதுகாப்புக்கு நான் பொறுப்பு. இப்ப உள்ள ஒரு வாடை வருது. எஞ்சின் எண்ணெய் காத்துல கலந்தா வர்ற வாடைன்னு நான் நினைக்கிறேன். விமானத்துல குறை இல்லைன்னு கம்பெனி சொல்லுது. ரெண்டு வாரம் முன்னாடி இதே விமானத்துல என் கூட வேலை செஞ்ச பொண்ணு மயங்கி விழுந்தா. ஓவன்ல எதுவும் கருகல. இதைப் பாத்து சரி பண்ற வரைக்கும் நான் கதவை மூடப் போறதில்ல."

ஒரே சத்தம். மும்பையிலிருந்து துபாய் விமானம் பிடிக்க வேண்டும் என்று ஒருவர் கத்தினார். மகளுக்கு நிச்சயதார்த்தம், ஒரு மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும், உன் நாடகத்தை வேறு எங்காவது வைத்துக்கொள் என்று இன்னொருவர் எழுந்தே வந்துவிட்டார். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார். "கேப்டன் ஓட்டத் தயாரா இருக்காருல்ல? உனக்கு என்னம்மா தெரியும்?"

பதினான்காவது வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டாள். "நீங்க இதுல வருவீங்களா?"

"மாட்டேன்."

அவள் பெல்ட்டை அவிழ்த்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலிருந்த பையை எடுத்துத் தரச் சொன்னாள். பக்கத்துச் சீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன் பையையும் எடுத்தார். பின்னால் ஒரு முதியவர் மனைவியிடம், "அப்பவே சொன்னேன்ல, ஏதோ நாறுதுன்னு" என்றபடி எழுந்தார். பத்து நிமிடத்தில் பாதை முழுக்க ஆட்கள்.

அதற்குள் ரெஹானா வந்துவிட்டாள். என் இடத்துக்கு அனுப்பப்பட்ட லீட். வாசலில் கால் வைத்தாள், மூச்சை இழுத்தாள், என்னைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மேலாளரிடம் சொன்னாள்: "சார், நானும் மூட மாட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

அப்போதுதான் கேப்டன் வெளியே வந்தார். பயணிகள் இருக்கைகளுக்கு நடுவே பின்கோடிவரை நடந்துபோய் அங்கே மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து மேலாளரிடம், "இந்த விமானத்தை நான் எடுக்கல" என்றார்.

நிச்சயதார்த்தக்காரர் கடைசியாக இறங்கினார். என்னைத் தாண்டும்போதும் திட்டினார். அவர் திட்டியது நியாயம்தான். நிச்சயதார்த்த மண்டபத்தில் அவருக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

மார்ச் 1, சனி

சஸ்பென்ஷன் கடிதம் வந்தது. 'பயணிகளிடையே பீதியைக் கிளப்பியது' என்று காரணம். டெரன்ஸ் அதைப் படித்துவிட்டு மடித்து பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஏன் அங்கே என்று கேட்டேன். "பத்திரமா இருக்கட்டும்" என்றார்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேரே நரம்பு டாக்டரிடம் போனேன். விரலை மூக்கில் வைக்கச் சொன்னார். இரண்டு முறை கன்னத்தில் வைத்தேன். பிப்ரவரியிலிருந்தே கை நடுங்குகிறதா என்று கேட்டார். ஜனவரியிலிருந்து என்றேன். டெரன்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். அவரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. பேனா மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

குறையலாம், நாளாகும் என்கிறார் டாக்டர். நாச்சம்மைக்கு என்னைவிட அதிக நாளாகும்.

மார்ச் 11, செவ்வாய்

பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரணை. என் தபால் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று அதிகாரிகள். மேஜையின் மறுபக்கம் மிருதுளா மேடமும் கம்பெனி வக்கீலும்.

வக்கீல் டிசம்பர் தாளை எடுத்துக் காட்டினார். "கழிவறை வாடை என்று இவரே எழுதியிருக்கிறார். அன்று எழுதியது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

"அன்னைக்கு எழுதினதுதான் பொய் சார்."

மூத்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படிச் சொன்னா உங்க மேலயே நடவடிக்கை வரும். தெரியும்ல?"

"தெரியும். நான் அனுப்பின கடிதத்துல அது முதல் பக்கத்துலயே இருக்கு. என்னைத் தண்டிங்க. ஆனா தண்டிக்கிற தாள்ல காரணத்தைச் சரியா எழுதுங்க. வாடையைச் சொன்னதுக்காக இல்ல, மறைச்சதுக்காகன்னு எழுதுங்க."

மிருதுளா மேடம் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு யாராவது இதுபற்றிப் புகார் எழுதியிருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். வக்கீல், இல்லை, இவர் ஒருவர்தான் என்றார். என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

கதவைத் திறந்தேன். வராந்தாவில் சீருடையோடு பதினோரு பேர் நின்றிருந்தார்கள். ரெஹானா. கேப்டன் இளங்கோவன். ஹைதராபாத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள், அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அம்மாவின் தோளைப் பிடித்தபடி நாச்சம்மை. ஒவ்வொருவர் கையிலும் தாள்.

பியூன் குழம்பிப்போனார். "நீங்கள்லாம் யாரு? லிஸ்ட்ல ஒரு பேருதானே இருக்கு?"

"நாங்களும் மாத்தி எழுதிக் கொடுத்தவங்கதான்" என்றாள் ரெஹானா. "இப்ப சரியா எழுதிக் கொடுக்க வந்திருக்கோம்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது: "சார், நாற்காலி பத்தாது. பக்கத்து ரூம்லேருந்து எடுத்துட்டு வரட்டுமா?"

மார்ச் 24, திங்கள்

எல்.கே.யின் இடது எஞ்சினில் ஒரு எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்ந்திருந்ததாம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியுமாம். மூன்று முறையும் கழற்றாமலேயே பார்த்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு விமானங்களில் அதே தேய்மானம். மூன்றையும் நிறுத்திவிட்டார்கள். நாச்சம்மையின் சிகிச்சைக்குக் கம்பெனிதான் பொறுப்பு என்று உத்தரவு.

என் சஸ்பென்ஷனை நீக்கிவிட்டார்கள், ஆனால் லீட் பதவி ஒரு வருடத்துக்குப் பறிபோனது. பயிற்றுநர் பதவியும். காரணம்: 'டிசம்பர் 19 அன்று பாதுகாப்புத் தகவலை மறைத்தது.' நான் கேட்டபடியே எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை படித்தேன்.

மிருதுளா மேடம் வேலையை விட்டுவிட்டார். அவர் இடத்துக்கு வந்திருப்பவர் இன்று காலை போன் செய்தார். இளவயதுக் குரல். மக்களிடம் நம்பிக்கையை மீட்க ஒரு விளம்பரம் எடுக்கிறார்களாம். நான் சீருடையில் விமான வாசலில் நின்று சிரிக்க வேண்டும். 'இவர் நம்புகிறார், நீங்களும் நம்பலாம்' என்று கீழே வரும். ஜனங்களுக்கு இப்போது என் முகம்தான் தெரியும் என்றார்.

"உங்க விமானங்கள்ல வந்த வாடைப் புகார் அத்தனையையும், தேதி போட்டு, விமானத்தின் எழுத்துப் போட்டு, என்ன சரி பண்ணினீங்கன்னும் போட்டு, யார் வேணாலும் படிக்கிற மாதிரி வெளியிடுங்க" என்றேன். "அடுத்த நாளே வந்து நிக்கிறேன். சிரிக்கவும் செய்றேன்."

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மணி நான்கு. இன்னும் பதில் வரவில்லை. நடுக்கம் குறைந்திருக்கிறது, பறக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளை காலை திருச்சி விமானத்தில் வேலை, நான்கு பேரில் நான்காவது ஆளாக. சீருடை இஸ்திரி போட வேண்டும்.